லாட்ஜ் மேனேஜர் மேயர் ஆக முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முனைக் காற்று (நாகர்கோவில்)

எல்லோருக்கும் வணக்கம். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறேன். ரூம் பாயாகச் சேர்ந்து, ரிசப்ஷனில் நின்று, இப்போது மேனேஜர். மொத்தம் 27 வருஷம். வீடு நாகர்கோவிலில்.

எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் கொஞ்ச நாளாக ஒரே பேச்சு. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் நீங்க நில்லுங்க என்கிறார்கள். பைப்பில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் நான்தான் அலைந்து மனு எழுதிக் கொடுப்பேன், அதனால் வந்த பேச்சு. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் எங்கள் லாட்ஜில் தங்கிய ஒரு பெரியவர், மகனோடு அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர், கவுண்டரில் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று சொன்னார். டென்வர் என்ற ஊரில் ஹோட்டல் நடத்திய ஒருவர், அதுவரை ஒரு பதவியிலும் இல்லாதவர், நேரே மேயர் ஆனாராம். அன்றிலிருந்து மனசில் அதே ஓட்டம்.

லாட்ஜ் வேலை என்றால் சாவி எடுத்துக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு மாடி மாடியாக ஏறி, சூரிய உதயம் பார்க்க வந்தவர்களின் கதவைத் தட்டுவதில் நாள் தொடங்கும். மேகம் மூடிக்கொண்டால் அந்தக் கோபமும் நம்மிடம்தான் வரும். கார்த்திகை மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். நாற்பது பேர் ஒரே நேரத்தில் குளிக்க வேண்டும். மேல் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, லாரித் தண்ணீர் எப்போது வரும், எந்த மாடியில் குழாய் அடைத்திருக்கிறது என்று கையில் கணக்கு இருக்க வேண்டும். குப்பை, சாக்கடை, ஜெனரேட்டர் டீசல், போலீஸ் ஸ்டேஷன், வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஏற்ற வேண்டிய அவர் விவரப் படிவம், எல்லாம் ஒரே ஆள் தலையில். ஒரு ஊரை நடத்துவதும் இதே வேலைதானே என்று தோன்றுகிறது.

எனக்குக் கட்சி கிடையாது. அந்த டென்வர்க்காரர் யார்? என் மாதிரி ஆளுக்கு இங்கே வழி உண்டா? இந்த இரண்டும்தான் தெரிய வேண்டும்.


வடசேரி சந்தை (நாகர்கோவில்)

அண்ணாச்சி, உள்ளாட்சி அலுவலகங்களில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில், மேயருக்கு நாம் யாரும் நேரடியாக ஓட்டுப் போடுவதில்லை. இது தேர்தலுக்குத் தேர்தல் மாறி வந்திருக்கிறது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1996ல் சென்னையில் ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். 2006ல் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். 2019 கடைசியில் சட்டத்தைத் திருத்தி மறுபடியும் அந்த முறைக்கே கொண்டுவந்தார்கள். நாகர்கோவில் மாநகராட்சி ஆனது 2019ல். 52 வார்டு. மாநகராட்சி ஆன பிறகு நடந்த முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில். மார்ச் மாதம் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆக, நீங்கள் மேயராக வேண்டுமென்றால் முதலில் ஒரு வார்டில் ஜெயிக்க வேண்டும். அப்புறம் மீதமுள்ள 51 பேரில் பாதிப் பேராவது உங்கள் பக்கம் வர வேண்டும். சுயேச்சையாக நின்று கவுன்சிலர் ஆவது நடக்கிற காரியம். தெருவில் நல்ல பெயர் இருந்தால் போதும், எத்தனையோ ஊரில் நடந்திருக்கிறது. சுயேச்சை மேயர் என்பது கட்சிகள் சமமாக முட்டிக்கொண்டு நிற்கும் மன்றத்தில் வேண்டுமானால் நடக்கும். சட்டம் தடுக்கவில்லை, கணக்குத்தான் தடுக்கிறது.

இரண்டாவது, மேயர் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாகம் ஆணையர் கையில். அவரை நியமிப்பது மாநில அரசு. பொறியாளர், சுகாதார அலுவலர், ஊழியர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே. மேயர் மன்றத்துக்குத் தலைவர். கூட்டத்தைக் கூட்டுவார், தீர்மானங்களை நடத்திக் கொடுப்பார், வேலை நடக்கிறதா என்று கேட்பார். கேட்கத் தெரிந்த மேயர் கேட்டால் வேலை நடக்கும். அங்கியும் சங்கிலியும் செங்கோலும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு மட்டும் வந்து போனால் ஒன்றும் நடக்காது. இரண்டு வகையையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பணத்துக்காக வருகிறவர் இல்லை நீங்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலையிலிருந்து மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சி கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் மதிப்பூதியம். லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு கவுன்சிலர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது. அதை வீட்டில் முதலில் பேசிவிடுங்கள்.


மட்டிப்பழம் (மார்த்தாண்டம்)

2022ல் கும்பகோணத்தின் முதல் மேயராக வந்த சரவணன் ஆட்டோ ஓட்டியவர். மேயர் தேர்தலுக்குப் பிறகு டிவியில் எல்லாம் காட்டினார்கள். ஆட்டோ ஓட்டியவர் வரலாம் என்றால் லாட்ஜ் மேனேஜர் ஏன் வரக்கூடாது? நில்லுங்க அண்ணே.


வடசேரி சந்தை

தம்பி, நல்ல உதாரணம். ஆனால் அவர் கட்சியில் இருந்து உழைத்தவர், கட்சி சின்னத்தில் நின்று வந்தவர். அந்தப் படி முக்கியம். அதை விட்டுவிட்டு ஆட்டோவை மட்டும் பார்க்கக் கூடாது.


தக்கலை டு டென்வர் (கொலராடோ)

அண்ணே, நீங்க கேட்ட ஆள் ஜான் ஹிக்கன்லூப்பர். நான் தக்கலைக்காரி, நர்ஸ். 2008ல் இங்கே வந்தபோது அவர்தான் மேயர். எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில்கூட அவரைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. அதனால் இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும்.

ஒரு திருத்தம் முதலில். அவர் லாட்ஜ் நடத்தவில்லை. நம்மூரில் சொல்கிற அர்த்தத்தில் ஹோட்டல், அதாவது சாப்பாட்டுக்கடை. அங்கேயே பீரும் காய்ச்சி விற்பார்கள். மேனேஜரும் இல்லை, கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கிய முதலாளி.

1952ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா தவறிவிட்டார். கல்லூரியில் முதலில் ஆங்கில இலக்கியம் படித்தார், பிறகு 1980ல் நிலவியலில் முதுகலை. எண்ணெய்க் கம்பெனியில் நிலவியலாளர் வேலை கிடைத்து கொலராடோ வந்தார். எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்ததும் 1986ல் வேலை போய்விட்டது. அந்த வேலைக்கு வேறு கம்பெனியும் இல்லை, எல்லோரும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம்.

இரண்டு வருஷம் கழித்து 1988ல், டென்வர் ரயில் நிலையத்துக்கு எதிரே 1899ல் கட்டிய ஒரு பழைய வணிகக் கட்டடத்தில் வின்கூப் என்ற ஹோட்டலைத் தொடங்கினார்கள். அது அப்போது ஜனங்கள் போகத் தயங்கிய பகுதி. பழைய கிடங்குகள், பாதி காலி. இப்போது போய்ப் பார்த்தால் நம்பமாட்டீர்கள், டென்வரிலேயே வாடகை கூடிய இடங்களில் ஒன்று. 1995ல் பக்கத்தில் பேஸ்பால் மைதானம் வந்தது. அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே அங்கே விளக்குப் போட்டுக் கடை திறந்து உட்கார்ந்தவர் இவர்.

ஊருக்கு அவர் முகம் தெரிந்தது ஒரு பெயர்ச் சண்டையில். இங்கே அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு மைல் ஹை என்று பெயர். டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருப்பதால் வந்த பெயர். புதிய மைதானம் கட்டியபோது அந்தப் பெயரை ஒரு நிதி நிறுவனத்துக்கு விற்கப் போனார்கள். ஊர்ப் பெயரை விற்காதே என்று முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். முழுசாக ஜெயிக்கவில்லை. 2001ல் கம்பெனி பெயரும் வந்தது, மைல் ஹையும் கூடவே ஒட்டிக்கொண்டு நின்றது.

2003ல் மேயர் தேர்தலில் நின்றார். அதற்கு முன் ஒரு வார்டு உறுப்பினராகக்கூட இருந்ததில்லை. பிரசாரத்தில் அவர் எடுத்த விஷயம் பார்க்கிங் மீட்டர். கட்டணத்தை ஏற்றிவிட்டதால் கடைவீதிக்கு வருகிறவர்கள் எரிச்சலில் இருந்தார்கள். இவர் தெருவில் நடந்து போய் முன்பின் தெரியாதவர்களின் மீட்டரில் சில்லறை போடுகிற மாதிரி ஒரு டிவி விளம்பரம். எதிராளியைத் திட்டி ஒரு விளம்பரமும் கொடுக்கவில்லை. கடைசிச் சுற்றில் நகரத் தணிக்கையாளராக இருந்த டான் மாரெஸை நல்ல வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2007ல் மறுபடி நின்றபோது நூற்றுக்கு 85க்கு மேல் ஓட்டு. 2011ல் மாநில ஆளுநர், 2021ல் செனட்டர்.

வடசேரி அண்ணன் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். டென்வரில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இரண்டு பேருக்கு இன்னொரு சுற்று. ஜெயித்த மேயர்தான் துறைத் தலைவர்களை நியமிக்கிறார், பட்ஜெட்டும் அவரே போடுகிறார். இந்த நாலும் இருந்ததால்தான் வெளியிலிருந்து ஒரு ஹோட்டல்காரர் உள்ளே வர முடிந்தது. அந்த மனிதரின் திறமை பாதி, ஊரின் சட்டம் பாதி.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கு முகங்கள் நினைவில் நிற்காத ஒரு கோளாறு உண்டு. அவரே வெளியில் சொல்லியிருக்கிறார். நேற்று பேசியவரை இன்று பார்த்தால் அடையாளம் தெரியாது. ஹோட்டலும் நடத்தி அரசியலும் செய்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு அவ்வளவு ஜனங்களோடு பழகியிருக்கிறார்.


மலையோரம் (குலசேகரம்)

அக்கா எழுதியதைப் படித்தேன், நல்ல கதை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. முனைக் காற்று அண்ணன் தப்பாக நினைக்கக் கூடாது.

லாட்ஜை நடத்துவதும் ஊரை நடத்துவதும் ஒன்று என்கிறீர்கள். லாட்ஜில் காசு கட்டியவனுக்குத்தான் ரூம். குடித்துவிட்டு வந்தால் இடமில்லை என்று சொல்லிவிடலாம். அடையாள அட்டை இல்லாவிட்டால் வெளியே. ஊரில் அப்படி முடியாது. வரி கட்டாதவன் வீட்டுக்கும் தண்ணீர் போக வேண்டும். பட்டா இல்லாத புறம்போக்கில் இருக்கிறவளும் உங்கள் ஆள்தான். விருந்தாளி இரண்டு நாளில் போய்விடுவான், அவன் கோபமும் அவனோடு போய்விடும். வார்டுக்காரன் ஐந்து வருஷம் எதிரில் நிற்பான். அவன் பிள்ளைகளும் நிற்கும்.

வாடிக்கையாளர் என்று மக்களைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, காசு இருக்கிறவன்தான் முதலில் தெரிவான். வியாபாரத்திலிருந்து வருகிறவர்கள்மேல் எனக்குள்ள பயம் இதுதான். ஓகிப் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பர் முறிந்து வாழை சாய்ந்து கிடந்தது. நாள் கணக்கில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்போது ஓடி வந்தவர்களைப் பார்த்தேன். கணக்குப் பார்க்கிறவன் ஒருத்தனும் முதல் நாள் வரவில்லை.


முனைக் காற்று

மலையோரம் தம்பி, தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியை நான் என்னிடம் 2004லேயே கேட்டிருக்கிறேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சீசன். லாட்ஜ் நிரம்பியிருந்தது. நான் அப்போது ரிசப்ஷனில். மேனேஜர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். காலையில் கடல் உள்வாங்கிவிட்டது என்று ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே ஜனங்கள் திரும்பி ஓடி வந்தார்கள். போட்டில் விவேகானந்தர் பாறைக்குப் போனவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

நான் செய்த முதல் காரியம் வாசல் கிரில்லை இழுத்துப் பூட்டியது. உள்ளே விருந்தாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் பெட்டி படுக்கை இருக்கிறது, கல்லாவில் பணம் இருக்கிறது, கூட்டம் உள்ளே வந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். கடப்புறத்திலிருந்து மேட்டைப் பார்த்து ஓடி வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். ஒரு அம்மா, இடுப்பில் பிள்ளை, பாவாடை முழங்கால் வரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் முதலாளிக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் போட்டேன். அந்த அம்மா அப்படியே நின்றாள். மூன்றாவது தடவை போன் எடுக்காமல் சாவியை எடுத்தேன்.

அன்று எங்கள் வரவேற்பறையிலும் மாடிப்படியிலும் மொட்டை மாடியிலும் ஜனங்கள்தான். பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து, ரூம் நம்பர் போட்டு, யார் யார் பாறைக்குப் போனார்கள், யார் திரும்பவில்லை என்று எழுதினேன். 207ல் நாலு பேர். மூன்று பேருக்கு டிக், ஒருவருக்குக் கேள்விக்குறி. அந்தப் பாறையிலிருந்து ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்ததில் நம்ம கடப்புறத்து வள்ளக்காரர்களும் இருந்தார்கள். யாருக்கு முன்னால் கிரில்லை அடைத்தேனோ அவர்கள் வீட்டு ஆட்கள். 207க்கு டிக் போட்டபோது இருட்டிவிட்டது.

சாவியை எடுக்க எனக்கு இரண்டு போன் கால் நேரம் ஆயிற்று. தம்பி சொல்கிற பயம் நியாயமானது. காசு கட்டியவனை முதலில் பார்க்கும் கண் எனக்கும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலில் நின்ற இத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணை மாற்றிக்கொள்ளத்தான் பாடுபட்டிருக்கிறேன்.


மலையோரம்

அண்ணே, படித்தேன். எங்கள் வீட்டிலும் வாசித்துக் காட்டினேன்.

பொதுவாக நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. உங்களைப் பொறுத்தவரை மாற்றிக்கொள்கிறேன்.


தோவாளைப் பிச்சி (தோவாளை)

எல்லோரும் அண்ணனை மேயர் நாற்காலி வரை கொண்டுபோய்விட்டீர்கள். ஒரு அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அண்ணா, உங்கள் வார்டு பொது வார்டா, பெண்கள் வார்டா?

2016ல் வந்த திருத்தத்தின்படி தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2022ல் 21 மாநகராட்சிகளில் 11 மேயர் இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உங்கள் வார்டு பெண்களுக்கு என்று இருந்தால் இவ்வளவு பேச்சும் வேறு பக்கம் திரும்பும்.

அப்படித் திரும்பினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் நடந்தது. என் சித்தி ஒரு ஊரில் வார்டு உறுப்பினர். சித்தப்பாவுக்கு நிற்க ஆசை, வார்டு பெண்களுக்குப் போய்விட்டது, அதனால் சித்தி பெயரைப் போட்டார்கள். ஜெயித்தாள். ஐந்து வருஷத்தில் அவள் மன்றக் கூட்டத்தில் வாய் திறந்தது இரண்டு தடவை. மற்ற நாளெல்லாம் சித்தப்பா பைக்கில் போய்விட்டு வருவார், தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், அடுக்களையில் கையைத் துடைத்துவிட்டு இவள் கையெழுத்துப் போடுவாள். படிக்கக்கூட விடமாட்டார்கள். சித்தி பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மார்க் வாங்கியவள். மகளிர் குழுக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் வைத்தவள். அவளுக்கு அந்த வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. விடவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அண்ணா, வார்டு பெண்களுக்கு என்றால் உங்கள் வீட்டு மைனியை நிறுத்தலாம் என்று தெருக்காரர்கள் அடுத்து வருவார்கள். மைனிக்கே ஆசை இருந்து, மைனியே கூட்டத்துக்குப் போவாள் என்றால் நிறுத்துங்கள். இல்லையென்றால் வேண்டாம். லாட்ஜ் நிர்வாகம் தெரிந்தவர்தான் நல்லது என்றால், லாட்ஜில் பெண்களும்தானே வேலை செய்கிறார்கள்? ரூமைச் சுத்தம் செய்கிறவர்கள், துணிக்கணக்குப் பார்க்கிறவர்கள், ரிசப்ஷனில் நிற்கும் பிள்ளைகள். எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று மேனேஜருக்கு யார் வந்து சொல்கிறார்கள்?


தக்கலை டு டென்வர்

பிச்சி சொன்னது மனசில் தைத்தது. ஹிக்கன்லூப்பர் கதையிலும் நான் நல்ல பக்கத்தை மட்டும் எழுதிவிட்டேன், மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பதவிக்கு வரும்போது நகரத்தின் பட்ஜெட்டில் பெரிய பள்ளம். செலவைக் குறைத்துச் சமாளித்தார். 2004ல் ரயில் பாதைகளுக்காக விற்பனை வரியைக் கூட்டலாமா என்று மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. சுற்றியிருந்த சின்ன ஊர் மேயர்களை எல்லாம் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி அதற்குச் சம்மதிக்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு. எனக்குத் தெரிந்து ஹோட்டல் புத்தி அங்கேதான் வேலை செய்தது: பக்கத்துக் கடைக்காரனைப் பகைக்காமல் தெருவையே கூட்டமாக்குவது. 2005ல் டைம் பத்திரிகை நாட்டின் சிறந்த ஐந்து பெருநகர மேயர்களில் ஒருவராகப் போட்டது.

ஆனால் 2006 டிசம்பரில் பெரிய பனிப்புயல் வந்தபோது குடியிருப்புத் தெருக்களில் பனி நாள் கணக்கில் கிடந்தது. ஊர் முழுக்க அவரைத் திட்டியது. வீடில்லாதவர்கள் தெருவில் இருக்கக் கூடாது என்று 2005ல் பத்து வருஷத் திட்டம் போட்டார். பத்து வருஷம் ஆன பிறகும் அவர்கள் தெருவில்தான் இருந்தார்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் இன்றும் பார்க்கிறேன். மலையோரம் அண்ணன் சொன்ன இடம் இதுதான். மீட்டருக்குச் சில்லறை போடுவது கார் வைத்திருப்பவருக்குத்தான். கார் இல்லாதவர் கதை வேறு, அதைத் தீர்ப்பது ரொம்பக் கஷ்டம்.


வடசேரி சந்தை

தங்கச்சி பிச்சி சரியான இடத்தில் பிடித்தாள். வார்டு ஒதுக்கீட்டைத் தேர்தலுக்கு முன் அரசிதழில் வெளியிடுவார்கள். அதுவரை 2022 பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தேர்தலுக்குக் காத்திருக்கவே வேண்டாம். மாநகராட்சி வார்டுகளில் இப்போது பகுதி சபை உண்டு. கிராமசபை மாதிரி. வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் உட்கார்ந்து தண்ணீர், விளக்கு, குப்பை பற்றிப் பேசலாம். 2022 நவம்பர் 1ல் மாநிலம் முழுக்க முதல் பகுதி சபைகள் நடந்தன. 1956ல் நம்ம மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே தேதி. இதற்காக எத்தனை பேர் அடிபட்டு ஜெயிலுக்குப் போனார்கள் என்று எங்கள் அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். ஒரு சபையில் எட்டுப் பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

லாட்ஜ்காரர் என்பதால் ஒன்று கேட்கிறேன். 2016 திடக்கழிவு விதிகளில் நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற ஹோட்டல்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே உரமாக்கச் சொல்லியிருந்தது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? அதை அப்படியே போய்ச் சபையில் சொல்லுங்கள். ஒரு தெருவுக்கு அது பயன்படும்.


மட்டிப்பழம்

அண்ணே, என்ன முடிவு செய்தீங்க? நாலு நாளாக எட்டிப் பார்க்கிறேன், பதிலே காணோம்.


முனைக் காற்று

மன்னிக்கணும் தம்பி, வரிசையாக விடுமுறை, லாட்ஜில் நிற்க நேரமில்லை.

2022 பட்டியலைப் பார்த்தேன். எங்கள் வார்டு பெண்கள் பொது, அதாவது பெண்கள் மட்டும்தான் நிற்கலாம். அடுத்த தடவை மாறலாம், மாறாமலும் இருக்கலாம். வீட்டில் கேட்டேன். எனக்கு அதில் ஆசை இல்லை, என் பெயரைப் போட்டுவிட்டு நீங்க போறதா இருந்தா அதுவும் வேண்டாம் என்றாள். பிச்சி எழுதியதை நான் அவளுக்குக் காட்டவே இல்லை, அவளாகச் சொன்னது.

பிச்சி கேட்ட கடைசிக் கேள்வி தூங்கவிடவில்லை. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று எனக்கு வந்து சொல்வது யார்? எங்கள் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர் இருக்கிறார். 14 வருஷமாக. என் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி, அதே வார்டு. குப்பையை மூன்றாகப் பிரித்து, பின்பக்கம் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி உரமாக்கலாம் என்று முதலாளியிடம் பேசச் சொன்னது அவர். நான் பேசியதோடு சரி. வடசேரி அண்ணாச்சி கேட்டதற்குப் பதில் அவரிடம்தான் இருக்கிறது.

முந்தா நாள் மத்தியானம் சலவைக்குப் போகும் துணியை எண்ணிக்கொண்டிருந்தார். பெட்ஷீட் தனி, தலையணை உறை தனி, டவல் தனி. பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். தெருக்காரர்கள் என்னிடம் கேட்டது, வார்டு பெண்களுக்கு என்பது, அவர் நின்றால் நான் வீடு வீடாக வருகிறேன் என்பது, எல்லாம். அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. எண்ணி முடித்து, மூட்டை கட்டி, நோட்டில் 64 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தேர்தல் கெடக்கட்டும் அண்ணே. அந்தச் சபைன்னு சொன்னீங்கள்ல, அதுக்கு யாரு வேணும்னாலும் போலாமா? வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தாப் போதுமா?”

போதும் என்றேன்.

“அப்போ எங்க சந்து ஓடையைப் பத்தி முதல்ல அங்க பேசுதேன். அன்னைக்கு எனக்குக் காலை டியூட்டி போடாதீங்க.”

வடசேரி அண்ணாச்சி, அடுத்த பகுதி சபை என்றைக்கு என்று தெரிந்தால் சொல்லுங்கள். அன்றைய காலை டியூட்டியை நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.